விண்ணரசி அக்கா கேட்ட நகல்

விண்ணரசி அக்காவுக்கு இடது காது கேட்காது. கல்யாணமான மூன்றாம் வருடம், மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அவர் கணவர் குழந்தைராஜ் குடித்துவிட்டு வந்து அறைந்ததில் செவிப்பறை கிழிந்துபோனது. இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. "நாலு நாள் சீழ் வடிஞ்சுது. அஞ்சாம் நாள் திரும்பக் கையை ஓங்கினாரு. குழவிக்கல்லு பக்கத்துல இருந்துச்சு, முழங்கால்ல போட்டேன். இன்னைக்கும் நொண்டிக்கிட்டுத்தான் கடைக்குப் போறாரு" என்பார். சொல்லும்போது சிரிப்பார். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வராது.

வீட்டுக்கு வீடு இலவச டி.வி. வந்துகொண்டிருந்த வருடத்தில் அவரைச் சந்தித்தேன். தஞ்சாவூரில் ஓர் ஆய்வு நிறுவனம், அதன் பேரைச் சொல்லப்போவதில்லை, அப்போதுதான் பிஎச்.டி. முடித்திருந்த எங்கள் ஐந்து பேரைப் பயிற்சிக்கு எடுத்தது. ஒருவன் ஒரு கிளாசோடு எழுந்துவிடுகிறான், அவன் அண்ணன் சாக்கடையில் கிடக்கிறான்; இதில் மரபணுவின் பங்கு என்ன என்று ஆராயக் கற்றுத்தரும் இரண்டு வருடப் பயிற்சி. இயந்திரங்களைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும். ஒருத்தர் வாசலில் நின்று ரத்தம் கேட்கத்தான் தெரியாது. அதற்காக முதல் ஆறு மாதம் ஊர் ஊராக அனுப்பினார்கள். ஒப்பந்தச் சம்பளத்தில் ரத்தம் எடுக்க வந்த டெக்னீஷியன்தான் விண்ணரசி அக்கா. திருக்காட்டுப்பள்ளிக்காரர்.

"கடை நடத்துறதும் கவர்மெண்டு, ஏன்டா குடிக்கிறேன்னு கேக்க ஆள் அனுப்புறதும் கவர்மெண்டா?" என்று ஓர் ஊரில் எங்கள் ஐஸ் பெட்டியைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தார்கள். இன்னோர் ஊரில் ஒருவன் எங்கள் கண் முன்னாலேயே மனைவியின் கூந்தலைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதினான். 'தினமும் குடிப்பாரா' என்ற கேள்விக்கு அவள் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். ஐந்து டாக்டர் பட்டங்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அக்காதான் போய் அவன் விரல்களை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிரித்தார்.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்தது நீலமேகத்தின் குடும்பம். மூன்று தலைமுறையாகக் குடி. நீலமேகத்தின் அப்பா பஞ்சநதம் எட்டு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். குத்தகையைப் பதிவு செய்து தருகிறோம் என்று மிராசுதாரின் காரியஸ்தர் ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கிப்போனார். அது நிலத்தை விட்டுக்கொடுக்கும் காகிதம். பிறகு விவசாயச் சங்கத்து ஆட்கள் வரப்பில் இறங்கி அடிதடி நடத்தி, பஞ்சநதத்தின் மண்டை பிளந்து, மூன்று மா மட்டும் அவருக்கே சொந்தமாகத் திரும்பக் கிடைத்தது. அவர் செத்துப் பத்து வருடமாகியும் பட்டா அவர் பேரிலேயே இருந்தது. நீலமேகம்தான் உழுதுகொண்டிருந்தார்.

அந்தக் கைநாட்டுக்குப் பிறகு அந்த ஊரில் யாரும் நகல் வாங்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. ரேஷன் கடைக்காரரிடம்கூட நகல் கேட்பார்கள்.

எங்களுக்கும் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வம்சாவளிப் படம் வரைவோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், குடிப்பவர் என்றால் உள்ளே கறுப்பு. அதில் பேர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். படத்தின் நகலை யாரிடமும் கொடுக்கவே கூடாது. பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

அந்தக் குடும்பத்தில் குடிக்காதவன் ஒருவன் இருந்தான். நாகம்மாள் என்ற நடவுக்காரியின் மகன் இளையபெருமாள். நீலமேகத்தின் வயலிலேயே கூலிக்கு வேலை செய்தான். அவன் பஞ்சநதத்துக்குப் பிறந்தவன் என்று ஊருக்கே தெரியும், எந்தக் காகிதத்திலும் கிடையாது. நாகம்மாள் அதை அக்காவிடம் தன் வாயாலேயே சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே அப்பா, ஒரு மகன் மொடாக்குடி, இன்னொருவன் தொடுவதே இல்லை. இரண்டு ரத்தமும் கிடைத்தால் என் ஆராய்ச்சி எங்கோ போய்விடும் என்று தோன்றியது.

"அந்தப் பையனை இந்தத் தாள்ல போடாதீங்க தம்பி" என்றார் அக்கா. "தாலுகா ஆபீஸ்ல வாரிசுக்கு எழுதுற தாளும் இப்படித்தான் இருக்கும். பட்டா இன்னும் செத்தவரு பேர்ல கெடக்கு."

"அக்கா, இது சயின்ஸ்" என்றேன். என்ன திமிர் எனக்கு.

நீலமேகமும் ஊர் வழக்கப்படி அடம்பிடித்தார். "எல்லாத் தாளுக்கும் நகல் குடுங்க. பேரு போட்டுக் குடுங்க. நம்பரு யாருக்கு வேணும்? இல்லன்னா கையெழுத்தும் கெடையாது, ரத்தமும் கெடையாது."

அக்கா வேறு வீட்டில் இருந்த நேரம் பார்த்து, பேர் எழுதி, நிறுவன முத்திரையும் குத்தி, நகல் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் படத்தில் விரலை வைத்தார். "இந்தக் கட்டம் யாரு?"

"இளையபெருமாளுங்க."

"உள்ள ஏன் வெள்ளையா இருக்கு?"

"அவரு குடிக்க மாட்டாருல்ல, அதாங்க."

"என் கட்டம் மட்டும் கறுப்பா?" விரலை இரண்டு கட்டத்திலிருந்தும் மேலே பஞ்சநதத்தின் கட்டம்வரை ஓட்டினார். "ரெண்டும் ஒரே கோட்டுலதான் தொங்குது." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டு, கையையும் நீட்டினார். காரியம் முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலை இளையபெருமாளிடம் ரத்தம் எடுக்கப் போனோம். மோட்டார் கொட்டகை நிழலில் அவன் உட்கார்ந்து இடது கையை நீட்டியிருந்தான். அக்கா முட்டிபோட்டு, ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிக்கொண்டிருந்தார். நான் எதிரில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அக்காவின் இடது பக்கத்து வரப்பில் நீலமேகம் அரிவாளோடு வந்ததை நான் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன். கத்தியிருந்தால் அக்காவுக்கு வலது காதாவது கேட்டிருக்கும். நான் கத்தவில்லை.

"கவர்மெண்டு ஆள வச்சு வாரிசு எழுதுறியாடா?"

நீட்டியிருந்த கையில், முழங்கைக்குக் கீழே விழுந்தது முதல் வெட்டு. எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. கை தோலில் தொங்கியது. இரண்டாம் வெட்டு கழுத்துக்கு வந்தது. அக்கா குறுக்கே கையை விட்டார். வலது கையின் இரண்டு விரல்கள் சேற்றில் விழுந்தன. அவர் அலறவில்லை. ஐஸ் பெட்டியை இடது கையால் இழுத்து நீலமேகத்தின் முகத்தில் அடித்தார். மூக்கு உடைந்து அவர் மல்லாந்து விழ, ரத்தம் பிடிக்கும் ஊதா மூடிக் குழாய்கள் வயலெங்கும் சிதறின.

"சட்டையக் கழட்டுங்க தம்பி. பேனாவக் குடுங்க." ஏற்கெனவே கட்டியிருந்த ரப்பர் பட்டைக்கு மேல் என் சட்டையைச் சுற்றி, என் பேனாவைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். இளையபெருமாள் பிழைத்தது அந்த முறுக்கினால்தான். கை போய்விட்டது.

போலீஸ் நீலமேகத்தின் ரத்தத்தைச் சோதித்தது. அன்று அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. சட்டைப் பையில் என் படம் நனைந்து கிடந்தது.

நிறுவனம் ஒரு விசாரணை வைத்தது. அறிக்கை முன்கூட்டியே தயாராக இருந்தது. 'வம்சாவளிப் படத்தின் நகலை அனுமதியின்றிக் கொடுத்தவர் ஒப்பந்த டெக்னீஷியன் விண்ணரசி.' ஐந்து பேரின் எதிர்காலம், பயிற்சிக்கு வருகிற நிதி என்று இயக்குநர் என்னிடம் அரை மணி நேரம் பேசினார். அவ்வளவு தேவையே இல்லை. நான் ஐந்தாவது நிமிடமே கையெழுத்துப் போடத் தயாராக இருந்தேன், போட்டேன்.

அக்காவையும் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். வலது கையில் கட்டு.

"படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்தார்கள். "ஒரு நகல் குடுங்க."

"இது ரகசியம்மா. நகல் குடுக்கற வழக்கம் இல்ல."

அக்கா தாளைத் திருப்பி மேஜைமேல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என் காதப் பறிச்சவரு குடிச்சிருந்தாரு. இளையபெருமாள் கைய எடுத்தவரு குடிக்கல. நீங்களும் குடிக்கலையே, சார்."

அதுவரை அவர் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை. கையெழுத்துப் போடாமலே போய்விட்டார். வேலையும் போயிற்று. இரண்டு விரல் இல்லாத டெக்னீஷியனை வேறு யாரும் எடுக்கவில்லை. திருக்காட்டுப்பள்ளியில் தம்பியின் உரக்கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்வி.

அந்தப் பயிற்சியை இப்போது நடத்துவது நான். ஒவ்வொரு வருடமும் முதல் நாள், நகல் கொடுக்கக் கூடாது என்று சொல்வேன். ஏன் என்று கேட்பார்கள். முன்பு ஒரு டெக்னீஷியன் கொடுத்துவிட்டார் என்பேன். பதினான்கு வருடம் இப்படியே சொன்னேன்.

இந்த வருடம் நகலைக் கொடுத்தவன் நான் என்று சொன்னேன். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்து, திருக்காட்டுப்பள்ளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி அட்டை திரும்பி வந்தது. அதில் இடது கையால் போட்ட கையெழுத்து இருக்கிறது.