அம்மாவின் இடது காது

இங்கே ஈஸ்டர் நெருங்கினால் பால் பெட்டியில் கொலை நடக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் காப்பி போடப் பாலை எடுத்தால் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஒரு படக்கதை. பனியில் ஒருவர் குப்புறக் கிடக்கிறார். சுற்றிலும் சிலர் நிற்கிறார்கள். கொன்றது யார் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். நார்வேக்கு வந்த முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ விஷப்பாலைப் பற்றிய எச்சரிக்கை என்று பயந்து முழுப்பாலையும் கீழே ஊற்றிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, இது இந்த நாட்டு வழக்கம். ஈஸ்டர் விடுமுறைக்கு நாட்டில் பாதிப்பேர் மலையேறி, மரவீடுகளில் உட்கார்ந்து, ஆரஞ்சுப்பழம் உரித்துத் தின்றுகொண்டு குற்றக்கதை படிக்கிறார்கள். 'போஸ்கெக்ரிம்' என்று அதற்கொரு பெயரே இருக்கிறது. எங்கள் பக்கம் நோம்பி நாளில், அதாவது பண்டிகை நாளில், சாவு என்ற சொல்லை வாயில் எடுத்தால் "நல்ல நாளும் அதுவுமா" என்று பெரியவர்கள் வாயை அடைத்துவிடுவார்கள். இவர்கள் நோம்பிக்குப் பலகாரம் போலக் கொலையைத் தட்டில் வைக்கிறார்கள்.

நான் இங்கே மீன் பண்ணைகளுக்குத் தண்ணீர்ப் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பொறியாளர். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பைத் தாண்டிய முதல் ஆள். என் பிரிவில் மூத்தவர் இங்ரிட். அம்மா வயது இருக்கும். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே எனக்கு வெகுநாள் நாக்கு எழவில்லை. சென்ற ஈஸ்டருக்குத் தன் மலைவீட்டுக்கு வரும்படி அவர்தான் அழைத்தார். போய்ச் சேர்ந்ததும் கணப்படுப்பை மூட்டி, ஒரு தடித்த நாவலைக் கையில் கொடுத்து, "படி, கூஷெலியாக இருக்கும்" என்றார். கூஷெலி என்றால் கதகதப்பாக, மனசுக்கு இதமாக என்று பொருள். ஒரு வீட்டுத் தரைக்கடியில் எலும்பு கிடைக்கும் கதை எப்படி இதமாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

கதை இதுதான். கடலோரக் கிராமத்தில் ஒரு பழைய படகுக் கொட்டகையின் தரையைப் பெயர்க்கிறார்கள். பலகைக்குக் கீழே ஓர் ஆணின் எலும்புக்கூடு. கப்பலேறி வெளிநாடு போய்விட்டதாக ஊரே நம்பிய குடும்பத்தலைவன்தான் அது. மனைவி இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறாள், பேசுவதில்லை. மகள்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தே பல வருடங்கள் ஆகின்றன. விசாரணைக்கு வரும் பெண் அதிகாரி வீடுவீடாகப் போய், அந்த வீட்டில் அடி விழுந்த சத்தம் கேட்டதா என்று கேட்கிறாள். எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: இங்கே எப்போதும் கடல்காற்று, எதுவும் கேட்காது. அந்த வரியில் நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வெளியே பனி கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் காதுக்குள் தறி ஓடியது.

சோமனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விசைத்தறிக் கொட்டகைகளை ஒட்டி வரிசையாக ஓட்டு வீடுகள், அதில் ஒன்றில் நாங்கள். அம்மாவும் அப்பாவும் ஒரே கொட்டகையில் மாற்றி மாற்றித் தறி ஓட்டினார்கள். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அது சத்தமே இல்லை, நின்றால்தான் திடுக்கிடும். கரண்ட் போகும் போதெல்லாம் தெரு முழுக்கத் தறிகள் ஒரே மூச்சில் அடங்கும். அந்த நொடியில் எந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்ததோ அது அப்படியே தெருவுக்கு வந்துவிடும். பாதி வசவு, பாதி அழுகை, ஒரு பாத்திரம் உருளும் ஓசை. உடனே அந்த வீட்டிலும் சத்தம் அடங்கும். தெருவில் நிற்பவர்கள் வானத்தைப் பார்த்து, "மழ வருமாட்ட இருக்குது" என்பார்கள். கரண்ட் வந்ததும் தறி ஓடும், தெரு பழையபடி செவிடாகும்.

அம்மாவுக்கு இடது காது கேட்காது. தறிக்காரர்களில் பாதிப்பேருக்குக் காது மந்தம் என்பதால் அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. நானும் அக்காவும் அம்மாவோடு பேச வேண்டுமென்றால் வலது பக்கம் போய்விடுவோம். அது எனக்குள் எவ்வளவு ஊறியிருக்கிறது என்றால், இன்றைக்கும் யாரோடு நடந்தாலும் என் கால்கள் தாமாக அவர்களுடைய வலப்பக்கம் மாறிவிடும். அப்பா நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். என்னைத் தோளில் வைத்துச் சந்தைக்குத் தூக்கிப்போனதும், தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்ததும்தான் எனக்குத் தெரிந்த அப்பா. "உங்கொப்பன் கை பட்டா நோவும்னு ஈயக்கூட அடிக்கமாட்டாரு" என்று அம்மா சொல்வாள். அப்போதெல்லாம் அக்கா எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள். அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள்.

அந்த ஈஸ்டருக்கு முந்திய குளிர்காலத்தில் கம்பெனியில் எங்களுக்குக் காது பரிசோதனை நடந்தது. இங்கே இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் அது உண்டு. பரிசோதித்த செவிலியிடம், என் இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்ன சந்தோஷத்தில், அம்மாவின் இடது காதைப் பற்றிப் பெருமைபோலச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். "இடது மட்டுமா? இயந்திரச் சத்தம் பெரும்பாலும் இரண்டு காதையும் சேர்த்துத்தான் கெடுக்கும். ஒன்று மட்டும் போனால் வேறு காரணம் இருக்கும். சீழ், கட்டி, இல்லையென்றால் ஓர் அடி." நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சொல்லைப் பலகைக்கடியில் போட்டு மூடியிருந்தேன். நாவல் அதைப் பெயர்த்துவிட்டது.

மறுநாள் காலை பனிப்பாதையில் நடக்கும்போது இங்ரிட் சிரித்துக்கொண்டே கேட்டார், "நீ ஏன் எப்போதும் என் வலது பக்கமே வருகிறாய்?" சொன்னேன். தறியைச் சொன்னேன், அம்மாவின் காதைச் சொன்னேன், கரண்ட் போனால் தெருவுக்குக் கேட்பதையும் சொன்னேன். என் நார்வேஜிய மொழிக்கு அவ்வளவுதான் எட்டியது. அவர் முகம் சிவந்துவிட்டது. "அக்கிரமம்! காதுக்கவசம் கொடுக்காத முதலாளி மேல் உன் அம்மா வழக்குப் போட்டிருக்க வேண்டும்." நான் "ஆமாம்" என்றேன். சட்டம் எந்தக் கதவைத் தட்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு அது பொறாமையாக இருந்தது.

அன்று மதியம் அக்கா வீடியோவில் வந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்தது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில். அவள் கணவர், எனக்கு மாமா, அவருக்கு வாழைத்தார் வியாபாரம். வாய்க்கால், நெல்வயல், தென்னை என்று பார்க்கிறவர்கள் கண் வைக்கும் ஊர். குழந்தை இல்லை. மாமா கை நீட்டுவார் என்பது எங்களுக்குத் தெரியும். அக்கா அழுதுகொண்டு வருவாள், அம்மா சோறு போடுவாள், "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பாள், பிறகு கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். வெறுமனே விடமாட்டாள். தட்டில் சேலை, பூ, தேங்காய், ஒரு சீப்புப் பழம். சண்டை போட்டு வந்த பெண் திரும்பிப் போகிறாள் என்று யாரும் நினைக்கக்கூடாது, சீர் வாங்கிக்கொண்டு போகிறாள் என்று இரண்டு ஊரும் நினைக்க வேண்டும். வாழை வியாபாரி வீட்டுக்கே அம்மா வாழைப்பழம் சுமந்தாள்.

வீடியோவில் அக்கா போனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் வலது காதில் வைத்து அழுத்திக்கொண்டாள். திரையில் எனக்கு அவள் கன்னம் மட்டும் தெரிந்தது.

"என்னக்கா, காது கேக்கலையா?"

"சளி கண்ணு. அடைச்சுக்கிச்சு."

"எந்தக் காது?"

"ஏனுங் டாக்டரு, உங்களுக்கு எந்தக் காது வேணுமுங்க?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள். "எடதுதான். நாலு நாளா ங்கொய்னு இரையுது. அம்மாகிட்ட ஊட்டுக்கு வந்தர்றேன்னு சொன்னேன். சித்திர நோம்பி முடியட்டும், நான் வந்து பேசிப்போட்டுப் போறேன்னுது. பேசறதுக்கு என்ன இருக்குது தம்பி? திரும்பத் தட்டத் தூக்கிட்டு வரும். இந்தத் தடவ நான் அங்க வந்தா, என்னயத் திருப்பி அனுப்பக்கூடாது. அனுப்புனா நான் தாங்கமாட்டேன்."

அவள் வைத்த பிறகு நான் வெகுநேரம் அந்த மரவீட்டு வாசலில் நின்றேன். கோபியில் தறி இல்லை. தறியின் மேல் பழி போட அவளுக்கு வழியே இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டபோது அவள் கொட்டகையில் இருந்தாள். தறிச் சத்தம் போனை நிறைத்தது.

"அம்மா, உன்ற எடது காது எப்படிப் போச்சு?"

"இதென்ன கேள்வி? தறிலதான். ஊருக்கே தெரியுமே!"

"தறி ரண்டு காதையும்தானம்மா கெடுக்கும். வலது நல்லாக் கேக்குதே."

சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. கொட்டகையை விட்டு வெளியே நடக்கிறாள் என்று தெரிந்தது. வேப்பமரத்துக் காகம் கத்துவதுவரை கேட்டது.

"செத்தவிகளப் பத்தி இப்ப எதுக்குச் சாமி?"

"அப்பாவப் பத்தி இல்லம்மா. அக்காவுக்கு எடது காது கேக்கல. கோபில ஏதும்மா தறி?"

"எங்கிட்டச் சளின்னாளே."

"எங்கிட்டயும் அதான் சொன்னா. நீ எங்கிட்டத் தறின்னு சொன்னயில்ல, அதாட்டத்தான்."

அம்மா மூச்சு விடுவது கேட்டது. "போன வையி" என்றாள். வைத்தது கோபத்திலா அழுகையிலா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே வந்தபோது இங்ரிட், "கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டாயா?" என்று கேட்டார். "கண்டுபிடித்துவிட்டேன்" என்றேன். "கடைசி அத்தியாயத்துக்கு முன்பேவா! கெட்டிக்காரன்" என்று ஓர் ஆரஞ்சை உரித்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அடுத்து நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். மறுநாள் அம்மா வேலைக்குப் போகாமல் அவிநாசிக்குப் போய், அங்கிருந்து கோபி பஸ் பிடித்து, வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் அக்கா வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள். கையில் தட்டு இல்லை, பை இல்லை, ஒரு முழம் பூ இல்லை. எங்கள் பக்கம் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போவதில்லை. சம்பந்தி வீட்டுக்கு அப்படிப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அக்காவின் மாமியார் வாசலிலேயே கேட்டிருக்கிறார். "என்னங்க சம்பந்தி, நோம்பியும் அதுவுமா வெறுங்கைய ஆட்டிட்டு வந்திருக்கறீங்க?"

"கொண்டுட்டு வாரதுக்கு வரலீங்க. கூட்டிட்டுப் போறதுக்கு வந்தேனுங்க."

மாமா உள்ளேயிருந்து வந்து, "அத்த, மொதல்ல உக்காருங்க, பேசிக்கலாம்" என்று அம்மாவின் இடது பக்கமாக நின்று சொல்லியிருக்கிறார். அம்மா திரும்பவில்லையாம். "அந்தக் காது கேக்காதுங்க மாப்ள. என்ற ஊட்டுக்காரரு அடிச்சதுல போனது. தறின்னு சொல்லி வெச்சிருந்தேன்" என்றாளாம். வாசலில் அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள். அம்மா அதைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள், ஆனால் கோபியில் சத்தத்தை மறைக்க எதுவும் ஓடவில்லை. பிறகு, "பாப்பா, கெளம்பு" என்றிருக்கிறாள்.

இப்போது அக்கா அம்மாவோடு இருக்கிறாள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காது டாக்டரிடம் காட்டினார்கள். ஜவ்வு கிழிந்திருக்கிறது, முழுதாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். பேசிச் சேர்த்துவைக்கச் சொந்தபந்தம், ஒறம்பரைகள் என்று யாராவது வந்துகொண்டேயிருக்கிறார்கள், அம்மா காப்பி கொடுத்து அனுப்புகிறாள். அப்பாவின் படம் சுவரில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூ வைக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. அந்தத் தோளையும் தேன்மிட்டாயையும் எங்கே வைப்பது என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. இதைப் படிக்கும் ஊர்க்காரர்களில் சிலர் வீட்டு விஷயத்தை வெளியில் எழுதலாமா என்பீர்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. தறிமேல பழி போட்டது போதும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து பேசுகிறார்கள். ஒரே போனுக்கு இரண்டு வலது காதுகள். ஒருத்தி கேட்கும்போது மற்றவள் காத்திருக்க வேண்டும். "தள்ளும்மா, அவன் எங்கிட்டப் பேசறான்" என்று அக்கா சண்டை போடுகிறாள். சில சமயம் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், நான் அணைப்பதில்லை. இந்த அமைதியான அறையில் எங்கள் ஊர்த் தறி ஓடிக்கொண்டிருக்கும். சென்ற வாரம் அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. எல்லாம் ஒரே மூச்சில் நின்றது. பழைய பழக்கத்தில் எனக்கு நெஞ்சு திக்கென்றது, என்ன கேட்கப்போகிறதோ என்று. அம்மா அக்காவிடம், உப்பு ஒரு கல் தூக்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, மற்ற காதை இந்த ஊர்ப் பனி சொட்டுவதற்கு விட்டுவிட்டு, கரண்ட் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.