லாலி பை

நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. அந்தக் கர்வம் கடல் கடந்து டார்னெய்ட் என்ற ஊருக்குக் குடிவந்த பிறகும் குறையவில்லை. ஆகவே, ஆறு வயது நிறையவிருந்த என் மகள் ‘லாலி பேக்’ வேண்டுமென்று நச்சரித்தபோது, எதற்கு என்று கேட்காமல் பாடம் எடுத்தேன். லாலி என்றால் குச்சியில் செருகிய மிட்டாய், லாலிபாப்பின் சுருக்கம். நாக்கைக் குறிக்கும் ஏதோ பழைய நாட்டுப்புறச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறது அகராதி. இந்த ஊர்க்காரர்கள்தான் குச்சியே இல்லாத மிட்டாய், ஜெல்லி எல்லாவற்றையும் லாலி என்கிறார்கள். நீ ஸ்வீட்ஸ் என்று சொல், என்றேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பிறந்தநாளன்று அவள் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். கேக் வெட்டி, விளையாடி முடித்தாயிற்று. பெற்றோரும் காரோடு வந்துவிட்டார்கள். பிள்ளைகளோ கிளம்பாமல் வாசலில் வரிசையாக நின்றார்கள். இன்னும் என்ன வேண்டுமாம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி காதருகே குனிந்தார்.

"பிள்ளையள் ரொபிப் பைக்கு நிக்கினம். நீங்கள் செய்யேல்லையே?"

விருந்து முடிந்து போகும் பிள்ளைக்கு ஒரு பை மிட்டாய் கொடுத்தனுப்புவது இங்கே வழக்கமாம்; மகள் கேட்ட லாலி பேக் அதுதான். நம் வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலப் பை கொடுக்காமல் யாரையாவது அனுப்புவோமா? மானம் போயிற்று. மகள் யார் முகத்தையும் பார்க்காமல் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கொலுவுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த மஞ்சள் பைகளை எடுத்தேன். அலமாரியில் ஆரஞ்சு மிட்டாயும் தேன் மிட்டாயும் இருந்தன. கடலை மிட்டாயையும் போடப்போனபோது, கச்சான் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துக்கொள்ளாது என்று அன்ரி தள்ளி வைத்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் பையைக் கொடுத்து, வந்ததற்கு நன்றி சொன்னேன். அவர்கள் அங்கேயே பிரித்துப் பார்த்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

வரிசையின் கடைசியில், ஷூவோடு, என் மகள் நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு குடும்மா. எல்லாரும் வாங்கியிருக்காங்க. நான் வாங்கினதே இல்ல."

பள்ளியில் சேர்ந்து ஒரு வருடமாகியும் அவளை யாரும் பிறந்தநாளுக்குக் கூப்பிடவில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்த கடைசிப் பையை அவள் கையில் வைத்தேன். வந்ததற்கு நன்றி என்று அவளிடமும் சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது.