வாட்டி அளந்த கல்

கில்வெனாக் ஊரில் கர்லிங் சங்கம் தொடங்கிய வருஷம், அதன் புத்தகத்தை எழுத ஆள் தேடியபோது எல்லோரும் கொல்லர் வாட்டி மீக்கிள் என்பவரைத்தான் பிடித்தார்கள். கையெழுத்து மணிமணியாக இருக்கும். அதற்கு முன்பும் ஊர்க்காரர்கள் உறைந்த ஏரியில் நடுக்குறியை நோக்கிக் கல் தள்ளி இந்த ஆட்டத்தை ஆடியவர்கள்தான். ஆனால் அவரவர் ஆற்றில் பொறுக்கிய கல், அவரவர் வைத்தது சட்டம். பாதி ஆட்டம் கைகலப்பில் முடியும். அதனால் பாதிரியார் பன்னிரண்டு விதிகளைச் சொல்ல, வாட்டி எழுதினார். எந்தக் கல் நடுக்குறிக்கு அருகில் என்று தகராறு வந்தால் அளவுக்காரர் சொல்வதே முடிவு என்பது ஏழாவது விதி. அளவுக்காரராகவும் அவரையே போட்டார்கள். அளக்க ஓர் இரும்புக் கம்பியை அவரே உலையில் அடித்துச் செய்துகொண்டார்.

மூன்றாம் குளிர்காலத்தில் பக்கத்து ஊரான டன்ரோடியோடு முதல் பந்தயம். ஊரே ஏரிக்கரையில் நின்றது. ஆட்டம் சமமாக இருக்க, கடைசிக் கல் வாட்டியின் தம்பி கேவினுடையது. பண்ணையில் ஏர் ஓட்டுகிறவன், அண்ணனுக்குப் பத்து வயது இளையவன். அவன் விட்ட கல் மெதுவாக ஊர்ந்தது. அது நின்றுவிடாமல் வழுக்கி வர, கூட்டாளிகள் துடைப்பத்தால் முன்னால் பனியைத் தேய்த்துத் தேய்த்து அதைக் கூட்டிவந்தார்கள். நடுக்குறியின் ஒரு பக்கம் அது நின்றது; மறுபக்கம் டன்ரோடிக் கல். கண்ணுக்கு இரண்டும் ஒரே தூரம்.

"வாட்டியே அளக்கட்டும். அவர் சொன்னா நாங்க மறுபேச்சு பேசமாட்டோம்" என்றார் டன்ரோடி அணித் தலைவர்.

வாட்டி பனியில் மண்டியிட்டு மூன்று தடவை அளந்தார். எழுந்து, "டன்ரோடி" என்றார்.

கேவின் துடைப்பத்தை வீசிவிட்டு வந்தான். "என்ன சொன்ன?"

"ஒரு வைக்கோல் அகலம்டா. அவங்க கல்லுதான் கிட்ட இருக்கு."

"வைக்கோல் அகலமாம்! அது எவன் கண்ணுக்குத் தெரியும்? கூடப் பொறந்தவன் மாதிரியா பேசுற?"

"கம்பி சொல்லுது. நானா சொல்றேன்?"

"சரி. இனிமே அந்தக் கம்பிதான் உனக்குத் தம்பி."

அன்றிலிருந்து கேவின் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஊரும் அவன் பக்கம் சாய்ந்தது. சந்தையில், "வழி விடுங்கப்பா, டன்ரோடி மாப்பிள்ளை வர்றாரு" என்று சிரித்தார்கள். லாடம் அடிக்கக் குதிரைகளை நான்கு மைல் தள்ளி, அதே டன்ரோடிக் கொல்லனிடம் ஓட்டிப் போனார்கள். அதில் இருந்த வேடிக்கை ஒருவருக்கும் உறைக்கவில்லை. வாட்டியின் உலை பாதி நாள் அணைந்தே கிடந்தது.

பிப்ரவரியில் பனி இளகி மழை பிடித்தது. நனைந்து ஏர் ஓட்டிய கேவினுக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கண்டது. கேள்விப்பட்டு வாட்டி ஓடினார். கேவின் மனைவி எஃபி கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"உள்ள வராதீங்க அத்தான். உங்க குரலைக் கேட்டாலே அவருக்கு மூச்சு முட்டுது."

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறேன்மா."

"நானும் கேட்டுப் பார்த்துட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

ஐந்து நாள் அந்த வாசலில் போய் நின்றார். ஆறாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

சவப்பெட்டியைக் குழியில் இறக்கும் கயிறுகளில் தலைமாட்டுக் கயிறு நெருங்கிய உறவுக்கு உரியது. அதை எஃபியின் அண்ணன் பிடித்தான். மற்ற கயிறுகளைச் சங்கத்து ஆட்கள் பிடித்தார்கள். வாட்டியிடம் ஒருவரும் நீட்டவில்லை. கல்லறைத் தோட்டத்தின் சுவரோரம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

கூட்டம் கலைந்ததும் எஃபி அவரிடம் வந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா அத்தான்? அன்னைக்கு மாத்திச் சொல்லியிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கப்போவுது?"

வாட்டி அந்த ஏரிக்கு எத்தனையோ தடவை மனதுக்குள் போய் மண்டியிட்டுப் பார்த்துவிட்டார்.

"அவங்க கல்லுதான்மா கிட்ட இருந்துச்சு" என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். அதன்பிறகு அவளும் பேசவில்லை.

அடுத்த நவம்பரில் சங்கம் கூடிப் பள்ளி ஆசிரியரை எழுத்தராக்கியது. வாட்டி புத்தகத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். ஏரி நன்றாக உறைந்த குளிர்காலம் அது. சறுக்கும் கற்களின் முழக்கம் பட்டறைவரை கேட்டது. அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போதும் கேட்டது.