மொட்டை கட்சியும் அக்கா கட்சியும்

ஸ்பிரிட் விளக்கில் கத்தி நுனியைக் காட்டி, சிவப்பு மெழுகை இளக்கி, பல்லை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தாள் பல்லம்மா. முன்பல்லைப் பதித்து, கட்டைவிரலால் மயிரளவு உள்ளே தள்ளி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். யாரோ ஒரு கிழவரின் மேல்தாடை அது. பல் டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். பல் செட் உருவாவது இந்தக் கூடத்தில்தான். பத்தொன்பது வயதில் இங்கே வந்து உட்கார்ந்தவள், ஐம்பத்து மூன்றிலும் அதே ஜன்னலோர மேஜையில்தான் இருந்தாள். சொந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட அங்கே ஆள் கிடையாது.

"பல்லம்மா, குழுவுல நீங்க போட்டதுக்கு ஆயிரம் பேர் கைதட்டியாச்சு" என்றார் பின்னாலிருந்து மாவு. அச்சுக்கு பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றுகிறவர் அவர். அவருக்கும் பெயர் அப்படித்தான் போனது. வெள்ளைப் பூச்சு பிடித்த விரலால் போனைத் தள்ளிக்கொண்டே வந்தார். "மொட்டை கட்சிக்காரர் ஒருத்தர் மூட்டை முடிச்சோட குழுவை விட்டே ஓடிட்டார் பாருங்க. என்ன அடி அது!"

முன்பல் கோணலாகப் போய்விட்டது. அவள் அதைப் பிடுங்கி, மெழுகைச் சுரண்டி, மறுபடி நட்டாள்.

ஓடிப்போன அந்த மொட்டை கட்சிக்காரர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். மாவுக்கு அது தெரியாது. குழுவில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. அங்கே எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். அவள் 'பல்லழகி'. அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், அதனால் 'மேலேகீழே'.

குழு என்பது ஒரு டிவி தொடரின் ரசிகர்கள் கூடிப் பேசுகிற இடம். தொடரில் வருவது உலகத்தில் நடக்காத ஒரு சரித்திரம். நிலவில் முதலில் இறங்கியவர்கள் திரும்ப வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களை யார் முதலில் மீட்டு வருவது என்று நாடுகளுக்குள் போட்டி கிளம்புகிறது. போட்டி ஓயாமல் வளர்ந்து, கடைசியில் நிலவில் ஊரே எழும்பிவிடுகிறது. அந்த ஊருக்கு ஒரு கேப்டன். தலையில் முடி இல்லாததால் ரசிகர்களுக்கு அவர் 'மொட்டை'. உடைந்ததையெல்லாம் ஒட்டிக்கொண்டு, எல்லாரையும் திட்டிக்கொண்டு திரியும் பெண் இன்ஜினியர் ஒருத்தி, அவள் 'அக்கா'.

முந்தின வெள்ளிக்கிழமை ஒளிபரப்பில் நிலவு ஊர் தீப்பிடித்தது. விண்கலத்தில் ஏறியவர்களை வைத்துக்கொண்டு மொட்டை கிளம்பிவிட்டார். அக்கா கீழேயே நின்றுவிட்டாள். அவள் பிழைத்தாளா இல்லையா என்று காட்டாமலே முடித்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு பகுதி பாக்கி.

குழுவில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தி தன் முகப்புப் படத்தை நீக்கிவிட்டுக் கறுப்புக் கட்டம் வைத்தாள். ஒரு கணக்கு வாத்தியார், கலத்தில் எத்தனை பேர் ஏறினால் எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று போட்டுக் காட்டி, இடம் இருந்தது என்று அடித்துச் சொன்னார். இடமே இல்லை என்று அதே கணக்கை வைத்து இன்னொருவர் நிரூபித்தார். ஒரு பெரியவர் இனிமேல் சந்தா கட்டமாட்டேன் என்று சவால் விட்டார்; அவர் பார்ப்பதே மருமகனுடைய சந்தாவில்தான் என்று யாரோ போட்டு உடைத்தார்கள். விடிவதற்குள் மொட்டை கட்சி, அக்கா கட்சி என்று குழு இரண்டாகப் பிளந்திருந்தது.

அண்ணன் அதிகம் எழுதுகிறவர் இல்லை. அன்றைக்கு மட்டும் எழுதினார்: "அங்கேயே இருந்திருந்தா ரெண்டு பேரும்தான் செத்துப் போயிருப்பாங்க. கிளம்பினவனுக்கும் வலிக்கும். அதை யாரும் கேக்கறதில்ல."

பல்லம்மா அதைப் படித்தாள். யோசிக்காமல் கீழே தட்டினாள்: "விட்டுட்டுப் போனவங்களுக்குத்தான் விட்டுட்டுப் போறவனோட நியாயம் நல்லா புரியும். அவ தனியா கிடந்து எல்லாத்தையும் பாத்துக்குவா. இவங்க தூரத்துல உக்காந்து வலிக்குதுன்னு சொல்லுவாங்க."

அக்கா கட்சி கொண்டாடியது. அண்ணன் குழுவிலிருந்து விலகினார்.

அவள் திட்டியது எந்த மொட்டையையும் இல்லை. பக்கவாதம் வந்து அப்பா மூன்று வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைப் புரட்டிப் போட்டது, முதுகு புண்ணாகாமல் துடைத்துப் பவுடர் போட்டது, புரையேறாமல் கூழாக்கிய சாப்பாட்டைக் கரண்டி கரண்டியாக ஊட்டியது எல்லாம் அவள்தான். பக்கத்து வீட்டுக்காரியை அப்பாவிடம் உட்கார வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். பேசிவைத்த கல்யாணம் அந்த மூன்று வருஷத்தில் பேச்சோடு நின்றுபோனது. அண்ணன் வேறு ஊரில் வேலையில் இருந்தார். முதல் ஆறு மாதம் வந்து போனார். அப்புறம் வரவில்லை. அப்பா இறந்த அன்றுதான் வந்தார்.

அதன்பின் பத்து வருஷம், நல்லது கெட்டதுக்கு மட்டும் பேசிக்கொள்ளும் உறவாக அது இருந்தது. மாற்றலாகி அண்ணன் இதே ஊருக்கு வந்தும் அப்படித்தான். அந்த இறுக்கத்தை உடைத்தது இந்தத் தொடர். ஒருநாள் அவரே போன் பண்ணி, நிலவில் லிஃப்ட் வைத்திருக்கிறான், கயிறு போட்டிருக்கிற லட்சணத்தைப் பார், எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை என்றார். அவளும் பார்த்தாள். அடுத்த வெள்ளியிலிருந்து அவரவர் வீட்டில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, அண்ணன் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ண, இருவரும் ஒரே நொடியில் டிவியைத் தட்டுவார்கள். இரண்டு வருஷமாக ஒரு வெள்ளியும் தவறவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் அவர் பேசியது, அதற்கு முந்தைய ஆயுளில் பேசியதைவிட அதிகம். அப்பாவைப் பற்றி மட்டும் இருவரும் வாயைத் திறந்ததில்லை.

மாவு போனைக் காட்டிய அன்றைக்கே மத்தியானம் அவள் அண்ணனுக்குப் போன் பண்ணினாள். எடுத்தது அண்ணி. அவர் குளிக்கிறார் என்றாள். ஒரு மணி நேரம் கழித்துப் பண்ணினாள். இன்னும் குளிக்கிறார் என்றாள் அண்ணி. பிறகு அவளே குரலைத் தாழ்த்தி, "இந்த வீட்ல அவ்வளவு தண்ணி வராதுன்னு உனக்கே தெரியும். நேர்ல வந்துடு" என்றாள்.

வேலை முடிந்து நேராகப் போனாள். மூன்றாவது மாடி. அண்ணன் கூடத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து மின்விசிறியைப் பிரித்து வைத்திருந்தார். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த விசிறி என்பதை அண்ணி கண்ணாலேயே சொன்னாள். வா என்றார். உட்கார் என்றார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை. கோபமாக இருந்தால் அவர் கத்துகிறவர்.

அண்ணி டீயை வைத்துவிட்டு உள்ளே போனாள். பல்லம்மா சுற்றி வளைக்கவில்லை. தெரியாத்தனமாக எழுதிவிட்டேன், அழித்துவிடுகிறேன், வெள்ளிக்கிழமை கடைசிப் பகுதி, சேர்ந்து பார்ப்போம் என்றாள்.

"தெரியாத்தனமா எழுதின மாதிரி இல்லையே. நல்லா கோத்துத்தான் எழுதியிருந்தே."

"நாடகத்தைப் பத்தித்தானே அண்ணே எழுதினேன்."

அண்ணன் திருப்புளியைக் கீழே வைத்தார். "ஏம்மா, வரவேண்டாம்னு நீதானே சொன்னே?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"நீ வந்துட்டுப் போனா அப்பா ரெண்டு நாள் வாயைத் திறக்க மாட்டேங்கறார், வாசலையே பாக்கறார், எனக்கு ஊட்டி முடியலைன்னு போன்ல சொன்னே. நீ வராம இருந்தாலே எனக்குப் பெரிய உதவின்னு சொன்னே. பஸ் ஏறி வந்து உங்க தெருமுனையில நின்னுட்டுத் திரும்பியிருக்கேன். எத்தனை தடவைன்னு கணக்கு வெச்சுக்கல."

மின்விசிறியின் திருகுகள் ஒரு சிறிய தட்டில் கிடந்தன. அவள் அதையே பார்த்தாள். சொன்னது நினைவுக்கு வந்தது. சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றது, கையில் அப்பா துப்பிய கிண்ணம், தோளில் போன். அன்றைக்கு அவள் சொன்னதில் பிழை இல்லை. வந்தவர் போனபின் சாப்பிட மறுக்கிற நோயாளி இளைத்துத்தான் போவார். வருகையை நிறுத்தச் சொல்வது நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவள் செய்கிற காரியம்தான். ஆனால் அப்பா பிறகு ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தபோது, இனி வரலாம் என்று அவள் சொல்லவில்லை. தூக்கமில்லாத மூன்று வருஷத்தில், தான் சொன்னது மறந்து, அவர் வராதது மட்டும் மனதில் நின்றுவிட்டது. அதன்மேல் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? அவர் உன் கையில இருந்தார். வேலை பூரா நீ பாத்தே. நான் பேச வாய் ஏது?"

உள்ளே அண்ணி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது.

"வீட்டுக்கு வந்து நாலு அறை விட்டிருந்தா வாங்கிட்டிருப்பேன்" என்றார் அண்ணன். "ஆயிரம் பேர் கைதட்டறாங்க."

"அங்க யாருக்கும் நம்மளைத் தெரியாதே."

"எனக்கு என்னைத் தெரியும்ல."

தப்பு என்மேல்தான் என்றாள். சரி விடு என்றார். விட்டுவிட்டதாகவே இருந்தது அவர் குரல். வெள்ளிக்கிழமையைப் பற்றி இன்னொரு முறை கேட்டாள். நீ பார்த்துக்கொள், எனக்கு அதில் மனம் போய்விட்டது, அக்கா பிழைத்தாளா என்று எனக்குச் சொல்லவும் வேண்டாம் என்றார். கோபத்தில் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் சரிக்கட்டிவிடலாம் என்று அவள் நம்பியிருப்பாள். அவரோ, குழம்பில் உப்புப் போதவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். லிஃப்ட் வேலை செய்தும் படியிலேயே இறங்கினார்கள். பஸ் வந்ததும், ஜன்னல் பக்கம் உட்கார், காற்று வரும் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலையில், வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டியவள், வாசலில் நின்றபடியே போனை எடுத்தாள். எழுதியதை அழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஏற்கெனவே நூறு பேர் அதைப் படம் பிடித்துப் பரப்பியிருந்தார்கள். அழித்தால் அவள் தப்பிப்பாள். அண்ணன்மேல் விழுந்தது அப்படியேதான் இருக்கும். அவர் இனி இந்தப் பக்கம் வந்து படிக்கப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்ன இடத்தில்தானே திருப்பிச் சொல்லவேண்டும். அதன் கீழேயே எழுதினாள்: "நான் எழுதியது தவறு. அவர் விட்டுவிட்டுப் போகவில்லை. வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பிறகு வரச்சொல்ல மறந்துவிட்டேன்."

கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போடுவதற்குள் முதல் பதில் வந்துவிட்டது. கறுப்புக் கட்டம் வைத்த பெண் கேட்டிருந்தாள்: "அய்யோ, இது எந்தப் பகுதியில வந்துச்சு? நான் பாக்கவே இல்லையே."

தொடரில் வரவில்லை என்று பல்லம்மா பதில் எழுதினாள். அனுப்பிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.