இரண்டு கைக்கு ஒரு போன்

போன வாரம் ஒரு போன் வாங்கினேன். எனக்கு இல்லை, என் மகளுக்கு.

போன் வாங்குவதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். கடைக்குப் போனோம், எடுத்தோம், வந்தோம் — அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். பாதி நாள் போய்விட்டது.

முதலில் செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் அவளைப் பற்றி எழுதியதில்லை. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது வரைக்கும் படித்தாள். கையால்தான் பேசுவாள். ஸ்கூலில் கற்றுக்கொண்டது பாதி. நாங்கள் வீட்டிலேயே உண்டாக்கிக்கொண்டது பாதி. அவள் அம்மா அஞ்சலைக்கு எல்லாம் தெரியும். எனக்கு முக்கால்வாசி தெரியும்.

எலவனாசூர்கோட்டையில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை ஏழுமலை கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். வீட்டில் அவரும் அவர் அம்மாவும் மட்டும்தான். நல்ல ஜனங்கள் என்று விசாரித்த இடத்தில் எல்லாம் சொன்னார்கள்.

எல்லோரும் சொல்லலாம். செல்வி சொல்ல வேண்டுமே?

சொல்கிறாள். 'நல்லா இருக்கேன்' என்கிறாள். கல்யாணமாகி ஆறேழு மாதமாக அதையேதான் சொல்கிறாள்.

காரணம் அவளுடைய பழைய போன். படிக்கிற காலத்தில் வாங்கியது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். பேட்டரி உப்பி, முதுகு வளைந்துவிட்டது. எதிலாவது சாய்த்து வைத்தால் வழுக்கி விழுகிறது. கையில் பிடித்துக்கொண்டுதான் வீடியோ கால் பேச வேண்டும்.

ஒரு கையில் போன் இருந்தால் மிச்சம் ஒரு கைதான். கையால் பேசுகிறவளுக்கு அது பாதி வாய். அந்தப் பாதி வாயில் எவ்வளவு சொல்ல முடியும்? கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள். நன்றாக இருக்கிறாளாம். அதோடு கட். எழுதி அனுப்பலாமே என்றால், அஞ்சலைக்குப் படிக்க வராது.

நேரில் போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். போனோம். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அம்மாவும் மகளும் கையாலேயே பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் முகம் சுருங்கிவிடுகிறது. நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும். அதனால் அங்கேயும் இரண்டு வார்த்தை, ஒரு சிரிப்பு, சாப்பாடு, பஸ்.

நான் கொத்தனார். இப்போது வேலை கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம். திங்கட்கிழமை ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவேன். நாங்கள் கட்டடம் கட்டுகிற இடத்தில் சிக்னல் கிடையாது. வாரத்துச் சேதி எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அஞ்சலை சேர்த்து வைத்திருப்பாள்.

இந்த முறை வெள்ளிக்கிழமையே இறங்கிவிட்டேன். கை கால் கழுவி உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"ஆறு மாசமா கட்ட வெரலத்தான் காட்டிகினு இருக்கா. புள்ள சிரிச்சாளா அழுதாளா, ஒரு வெரல வச்சிகினு நான் இன்னாத்த கண்டேன்?"

மாப்பிள்ளையைக் கேட்டாயா என்றேன்.

"அவரும் நல்லா இருக்கான்னுதான் சொல்றாரு. மாமியாரும் அதான் சொல்லுது. மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னா எனக்கு பயமா கீதுங்க."

அவள் சொல்வதும் சரிதான் என்று பட்டது.

மறுநாள் காலையில் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவுக்குப் போனோம். தெரிந்த பாய் ஒருவர் செல்போன் கடை வைத்திருக்கிறார். அவர் கடைக்கு டைல்ஸ் போட்டது நான்தான். மகளுக்கு என்று சொன்னதும் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மெல்லிசான போன். கையில் பிடிச்சா பிடிச்ச மாதிரியே இருக்காதுண்ணே, கனம் கம்மி என்றார்.

அஞ்சலை வாங்கிக் கையில் பிடிக்கவில்லை. நேராகக் கண்ணாடிப் பெட்டி மேல் நிறுத்தப் பார்த்தாள். வழுக்கியது. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்தது கொஞ்சம் பெரியது. ஓரமெல்லாம் உருண்டையாக இருந்தது. அதுவும் வழுக்கியது. மூன்றாவதைப் பாயே சாய்த்துப் பிடித்துக்கொண்டார். கேமராவைத் தன் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, அஞ்சலை நான்கடி பின்னால் போனாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அகலமாக விரித்தாள். இடுப்பு வரைக்கும் இறக்கினாள். கை தெரியுதா என்று என்னைக் கேட்டாள். விரித்தால் விரல் வெட்டுப்படுகிறது என்றேன். ஒதுக்கிவிட்டாள்.

கடையில் இருந்த மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பாய்க்கும் ஒன்றும் புரியவில்லை.

"அண்ணி இன்னா, போன் வாங்க வந்தாங்களா, டான்ஸ் ஆட வந்தாங்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். பாய் சிரிப்பை நிறுத்திவிட்டார். அதன்பிறகு மெல்லிசு, கனம் எதுவும் பேசவில்லை. உள்ளே போய் வேறு மாதிரி எடுத்துவந்தார். அகலமான ஸ்கிரீன். ஓரம் தட்டையாக, செங்கல் மாதிரி இருந்தது. பின்பக்கம் மடித்து நிறுத்துகிற கவர் ஒன்றையும் மாட்டினார். நின்றது. அஞ்சலை பின்னால் போய்க் கையை விரித்தாள். பத்து விரலும் தெரிந்தது.

முடிந்ததா? முடியவில்லை. போன் வருவது செல்விக்கு எப்படித் தெரியும்? நமக்கு ரிங் அடித்தால் போதும். அவளுக்கு உடம்பில் தெரிய வேண்டும். போனை இடுப்பில்தான் சொருகியிருப்பாள். பழைய போன் ஈ உட்கார்ந்த மாதிரி அதிரும். பாதி கால் அவளுக்குத் தெரியாமலே போய்விடும்.

பாய் தன் சிம்மைக் கழற்றிப் புதுப் போனில் போட்டார். அஞ்சலை அதை இடுப்பில் சொருகிக்கொண்டு, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பாய் கடைப் போனிலிருந்து கூப்பிட்டார். சத்தத்தை அணைத்திருந்தார்.

நாங்கள் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தூக்கிவாரிப் போட்டதுபோல் திரும்பினாள். "அய்ய... ஜாஸ்தியா கீதுங்க" என்றாள். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

அடுத்தது லாக். இங்கேதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை.

முகத்தைக் காட்டினால் திறந்துகொள்ளும். விரலை வைத்தாலும் திறக்கும். கோடு இழுக்கலாம், நம்பர் போடலாம். எது வேண்டும் என்று பாய் கேட்டார்.

எதுவும் வேண்டாம் என்றாள் அஞ்சலை. அந்த வீட்டில் யாருமே போனுக்கு லாக் போடுவதில்லை. மாமியார் போனை மகன் எடுப்பார், மகன் போனை மாமியார் எடுப்பார். புதிதாக வந்தவள் மட்டும் பூட்டி வைத்தால் என்ன நினைப்பார்கள்?

"எதையோ மறைக்கறான்னுதான் பேச்சு வரும். ஏற்கனவே நம்ம கை ஆட்னா அவங்களுக்கு புரியல. இதுல பூட்டு வேறயா?"

எனக்குத் தெரிந்தது கட்டடம்தான். இத்தனை வருஷத்தில் எந்த வீட்டிலும் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் வைக்காமல் விட்டதில்லை. உள்ளே போகிறவர் எதையோ மறைக்கிறார் என்று யாரும் சொன்னதுமில்லை. அதைச் சொன்னேன். பாய் சிரித்தார். அஞ்சலை சிரிக்கவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காது கேட்கிற பெண் அம்மாவிடம் எதையாவது தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் கொல்லைப்பக்கம் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசுவாள். செல்விக்கு எந்தக் குரலைத் தாழ்த்துவது? அவள் டைப் அடிப்பது, எடுக்கிற போட்டோ... அதுவாவது அவளுடையதாக இருக்க வேண்டாமா?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். லாக்கை நாங்கள் போடவில்லை. அவள் போன், அவளே பார்த்துக்கொள்ளட்டும். பழைய போனில் இருப்பதை இதற்கு மாற்றி எல்லாம் செட் பண்ணுகிற விதத்தைப் பாய் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எனக்குப் பாதிதான் ஏறியது. செல்விக்குத் தெரியும் என்று வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை எலவனாசூர்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். மாப்பிள்ளையும் வீட்டில் இருந்தார். செல்வி டப்பாவைப் பிரித்தாள். பழைய போனிலிருந்து சிம்மை எடுத்துப் போட்டாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம்.

போன் விரல் கேட்டது.

மாப்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு லாக்கு போடச் சொல்லி கேக்குது என்றார்.

"லாக்கா?" என்றார் சம்மந்தியம்மா. "நம்ம வூட்ல யாரு போன்லயும் அதெல்லாம் இல்லியே."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பூசி நாளாகியிருந்தது.

செல்விக்கு அந்தப் பேச்சு கேட்காது. ஆனால் முகம் படிப்பாள். மாமியார் முகத்தைப் பார்த்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள். முதலில் ஏதோ நம்பர் போடச் சொல்லியது போலிருக்கிறது. திரும்பி உட்கார்ந்து போட்டாள். பிறகு தன் விரலைப் பல தடவை அழுத்தி எடுத்தாள்.



செல்வி எழுந்தாள். மாமியாரிடம் போனாள். அவர் புளி கரைத்துக்கொண்டிருந்த கையோடு வந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கையை எடுத்துத் தன் முந்தானையில் துடைத்தாள். கட்டைவிரலைப் பிடித்துப் போனில் வைத்து அழுத்தினாள்.

"எனக்கா? எனக்கு இன்னாத்துக்குடிம்மா?" என்றார் சம்மந்தியம்மா. ஆனால் கையை எடுக்கவில்லை. திறந்ததும் ஒருமுறை மூடித் தானே திறந்து பார்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளை தன் விரலை நீட்டினார். செல்வி அதைத் தட்டிவிட்டாள். இவர் ரீல்ஸ் பார்த்தே சார்ஜைத் தீர்த்துவிடுவார் என்று எங்களுக்குக் கையால் சொன்னாள். நான் அதை வாயால் சொன்னேன்.

"மாமா, நீங்களாவது எனக்காக ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றார்.

"உனக்கு வாணாம். நீ நல்லா பண்ணேடி" என்றார் அவர் அம்மா.

நன்றாகத்தானே முடிந்தது? எனக்கு அப்படித்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்போது அஞ்சலை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் எல்லையைத் தாண்டியதும் கேட்டாள்.

"ஆசையில வச்சாளா, பயந்துகினு வச்சாளா?"

 ஒரே காரியத்தை இரண்டுக்கும் செய்யலாம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

சாயங்காலம் விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் கால் வந்தது. வீட்டுப் போனை நான் பிடித்துக்கொண்டேன். அஞ்சலை எதிரில் நின்றாள்.

செல்வி தோட்டத்துப் பக்கம், பல்பு வெளிச்சத்தில், துணி துவைக்கிற கல் மேல் போனை நிறுத்தியிருந்தாள். தள்ளி நின்றாள். தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் தெரிந்தது. இரண்டு கையும் தெரிந்தது.

கட்டைவிரலைக் காட்டவில்லை. நேராக ஆரம்பித்துவிட்டாள்.

மாமியார் எல்லாக் குழம்பிலும் புளியை ஊற்றுகிறார். சொன்னால் புரிந்தும் புரியாத மாதிரி இருக்கிறார். சாயங்காலம் ஆனால் டி.வி.யில் சீரியல். கூட உட்கார வேண்டுமாம். யார் யாரோ அழுகிறார்கள், எதற்கு என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை. புருஷன் குறட்டை விடுகிறார்...

உனக்கு எப்படித் தெரியும் என்று அஞ்சலை கேட்டாள்.

கட்டில் ஆடுகிறதாம்.

நடுவில் சம்மந்தியம்மா வாளியோடு பின்னால் போனார். போனைப் பார்த்தார். நல்லதாக ஏதோ பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார். எங்களுக்குக் கை காட்டினார். நாங்களும் காட்டினோம். செல்வி அவர் போகும்வரை சிரித்த முகமாக நின்றாள். போனதும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் அஞ்சலை கேட்டாள். அந்த அம்மா விரலை ஏன் வைத்தாய்?

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். வெளியூரில் இருக்கும் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. போட்டோவெல்லாம் செல்விக்குத்தான் வரும். மாமியார் போனில் படம் தெரியாது. போன் பூட்டியிருந்தால், பேத்தியைப் பார்க்க வேண்டும், திற திற என்று அடுப்படிக்கே வந்துவிடுவாராம். கையில் மாவு இருந்தாலும் விடமாட்டார். லாக் போட்டுவிட்டு அந்தத் தொல்லையை யார் படுவது? நீயே திறந்து பார்த்துக்கொள் என்று வைத்துவிட்டாள்.

ஆசையும் இல்லை, பயமும் இல்லை. மாவுக் கை.

அஞ்சலை சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கட்டிக் கொடுத்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

நானும் ஒன்று தெரிந்துகொண்டேன். நல்லா இருக்கேன் என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், எங்கே இருந்தாலும் சொல்லலாம். குறை சொல்வதற்குத்தான் கொஞ்சம் தைரியம் வேண்டும், கொஞ்சம் உரிமையும் வேண்டும். பயந்து இருக்கிற பெண் புளியைப் பற்றிப் பேசமாட்டாள்.

பேசி முடிக்கிற சமயத்தில் என்னைக் கேமரா முன்னால் வரச் சொன்னாள். போன் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

எல்லாம் சரியாம். கலர்தான் சகிக்கவில்லையாம்.