குரங்குக்குப் போன புளிச்சோறு

மாமாவுக்குப் பெண் பார்க்க அம்மா போன வீடுகளுக்கெல்லாம் நானும் கூடவே போயிருக்கிறேன். எந்த வீட்டிலும் ஒரு வாய் சோறு கிடைத்ததில்லை. டீ மட்டும்தான், அதுவும் அரை டம்ளர். பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் அப்புறம் அந்தப் பெண்ணை வேண்டாம் என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. வானூரில் ஒரு வீட்டில் இலையே போட்டுவிட்டார்கள். பாயச வாசனை தாங்காமல் நான் இலைப் பக்கம் நகர்ந்து உட்கார, அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு கறுத்துப் போயிற்று.

ஆனால் அந்த வானூர்ப் பெண்ணை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவள் சொன்னால் மாமா மறுத்துப் பேசமாட்டார். சரி என்றும் சொல்லமாட்டார். தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விடுவார்.

அந்த வாரம்தான் அவருக்குத் திடீரென்று பக்தி வந்தது.

"போன வருசம் கடல் உள்ள வந்தப்ப வேண்டிக்கினேன்க்கா. ஜவ்வாது மலை மேல முருகருக்கு ஒரு படி உப்பு கொட்டுறேன்னு. நீயும் கூட வரணும்."

"உனுக்கு நம்ம ஊரு கோயிலே எந்தப் பக்கம்னு தெரியாதேடா" என்றாள் அம்மா. ஆனாலும் வேண்டுதல் என்றதும் பயந்துபோய்ப் புறப்பட்டுவிட்டாள். மழைக்கு உப்பளம் மூடிக் கிடந்த சமயம். மாமா உப்பு லாரியில் வாராவாரம் அந்த மலை அடிவாரச் சந்தைக்குப் போய் வருகிறவர். அதே லாரியில் மூன்று பேரும் ஏறினோம்.

கடல் வந்த நாளிலிருந்து நான் எங்கே கிளம்பினாலும் ஒரு பை கட்டிக்கொண்டுதான் கிளம்புவேன். அன்றைக்கும் கட்டினேன். டார்ச் லைட்டு, மஞ்சள்தூள், கயிறு, யாராவது மயங்கி விழுந்தால் தூளி கட்டித் தூக்க ஒரு பழைய புடவை. முக்கியமாக, மூன்று பேருக்கும் போதுமான புளிச்சோறு. காட்டில் வழி தப்பினால் வேறு யார் சோறு போடுவார்கள்?

அடிவாரத்தில் இறங்கினதும், மலைக்குப் பஸ் நிற்பதைக் காட்டினேன். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பஸ்ல போற வழியா இது? உப்புத் தடம் பாப்பா. லாரியெல்லாம் வராத காலத்துல நம்ம ஊரு உப்பு கழுதை மேல ஏறி இப்படித்தான் மேல போச்சு. எறங்கும்போது புளியும் தேனும் வந்துச்சு."

கல் பாவிய ஒற்றையடிப் பாதை. நடந்து நடந்து கல்லெல்லாம் நடுவில் குழிந்து, மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. இரண்டு பக்கமும் மரம். எனக்கு அதுதான் பெரிய பயம். எங்கள் உப்பளத்தில் எதிரே வருகிற ஆள் எவ்வளவு தூரத்தில் வந்தாலும் தெரிவார். இங்கே பத்தடிக்கு அந்தப் பக்கம் யானை நின்றாலும் தெரியாது. அம்மாவோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னாடா இது, வெயிலே காணோம்" என்று புகார் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு, சந்தோஷமாக நடந்தாள்.

பாதி மலையில் மாமா என் பையை வாங்கினார். "குடு, கை வலிக்கப் போவுது." எனக்கு நெகிழ்ச்சியாகிவிட்டது. ஒரு பாறைக்கிட்ட வந்ததும் பையை அதன்மேல் வைத்தார். முடிச்சை வேறு தளர்த்தினார். பிறகு எங்களைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், கீழே ஊர் எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்று காட்டினார். எதிலும் அழகு பார்க்கிற ஆளே இல்லை அவர்.

திரும்பினால் பாறை முழுக்கக் குரங்கு. ஒன்று டார்ச் லைட்டைக் கடித்துப் பார்த்தது. ஒரு தாயும் குட்டியும் பெரிய மனிதர்கள்போல உட்கார்ந்து புளிச்சோற்றை உருட்டித் தின்றன.

"மாமாதான் முடிச்ச அவுத்தாரு!" என்று நான் கத்தி அழுதேன்.

"ஐயோ பாவம், கொழந்த பசி தாங்காதே" என்றார் மாமா. "கவலப்படாதக்கா. மேல ஒரு வீடு இருக்குது. சந்தையில உப்பு வாங்குறவங்க. நல்ல மாதிரி."

அந்த வீட்டம்மா வாசலிலேயே காத்திருந்தவர்போல வரவேற்றார். "மலையேறி வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புவமா?" அம்மா யோசிக்கவேயில்லை. பெண் பார்க்க வந்த வீடா என்ன? குழந்தைக்குப் பசி, உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வீட்டுப் பெண் வந்து களி உருண்டை வைத்து மொச்சைக் குழம்பு ஊற்றினாள். வீட்டம்மா எல்லாருக்கும் பச்சை மிளகாய் வைத்துக்கொண்டே மாமாவிடம் வர, அந்தப் பெண் சட்டென்று அவர் தட்டை மறைத்தாள்.

"அவருக்கு வாணாம்மா. விக்கல் வந்துரும்."

அம்மாவின் கை பாதியில் நின்றுவிட்டது. விரலெல்லாம் குழம்பு. அந்தக் கையைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். மாமா கூரையைப் பார்த்தார். மிளகாய் தின்னாமலே அவருக்கு விக்கல் வந்தது. யாரும் சொல்லாமலே அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

குழம்பில் ஏதாவது விழுந்து கிடக்கிறதோ, அதுதான் அம்மா நிறுத்திவிட்டாளோ என்று என் தட்டைக் கிளறிப் பார்த்தேன்.

"எங்க ஊர்ல மரமே கெடையாதும்மா" என்றாள் அம்மா. "வெயில் தாங்குவியா?"

"தாங்க மாட்டேங்க" என்றாள் அந்தப் பெண். "கொட புடிச்சிக்குவேன்."

"உப்பளத்துல கொடையா!"

அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதியை வழித்துத் தின்றாள். தட்டை முன்னால் தள்ளினாள்.

"இன்னொரு உருண்ட வைம்மா."

எனக்கு மானமே போயிற்று. வீட்டில் அரை உருண்டைக்கு மேல் இறங்காது அவளுக்கு. அன்னிய வீட்டில் கேட்டு வாங்கித் தின்கிறாள்! மாமா வேறு அதைப் பார்த்து அழுகிறார். இரண்டாவது உருண்டையையும் ஒரு துளி விடாமல் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

கோயில் இருந்தது, அது பொய்யில்லை. மரத்தடியில் ஒரு வேல். உப்பைக் கொட்டிக் கும்பிட்டோம். இறங்குகிற வழியெல்லாம் மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பாடிக்கொண்டே வந்தார்.

லாரியில் அம்மாவைக் கேட்டுவிட்டேன். "தெரியாதவங்க வூட்டுல ரெண்டு உருண்ட துன்னியே, வெக்கமா இல்ல?"

"பசிடி" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை நாங்கள் வானூருக்குப் போகவில்லை. அடுத்த தை மாதத்தில் எங்கள் உப்பளத்தில் ஒரு கறுப்புக் குடை நின்றது. ஆனால் அன்றைக்கு லாரியில் எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அம்மாவுக்கு இவ்வளவு பசி எடுக்கும் என்று தெரியாமல் போயிற்றே என்றுதான் வருத்தமாக இருந்தது. அடுத்த தடவை இரண்டு பங்கு புளிச்சோறு கட்ட வேண்டும், மாமாவிடம் மட்டும் பையைக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு தூங்கிப்போனேன்.