தார் முடிகிற இடம்

கோயம்புத்தூருக்கு வந்த புதிதில் நான் எல்லோரிடமும் கேட்டது ஒரே கேள்விதான். இங்கே மண்ணில் பைக் ஓட்ட எங்கே போக வேண்டும்? கேட்டவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். நாற்பதை நெருங்குகிற பெண், மலேசியாவிலிருந்து நல்ல வேலைக்கு வந்தவள், பளபளவென்று தார் ரோடு இருக்கும்போது மண்ணை எதற்குத் தேடுகிறாள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. அலுவலகத்தில் ஒருவர் வால்பாறைக்குப் போகச் சொன்னார். கொண்டை ஊசி வளைவுகள் பிரமாதமாக இருக்குமாம், பஸ்ஸே ஏறுமாம். பஸ் ஏறுகிற இடத்தில் எனக்கு என்ன வேலை?

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில். மழை விட்டதும் தோட்டத்து ரோடு சேறாகக் குழைந்து கிடக்கும். பழைய ஸ்க்ரம்ப்ளர் பைக்குகளை எடுத்துக்கொண்டு நாங்கள் நாலைந்து பேர் இறங்கிவிடுவோம். விழுவோம், எழுவோம், மறுபடி விழுவோம். பிறகு படித்தேன், கல்யாணம் செய்தேன், அதிலிருந்து வெளியே வந்தேன். எல்லாம் மாறியது, ஞாயிற்றுக்கிழமைச் சேறு மட்டும் மாறவில்லை. அது இல்லாத வாரங்களில் நான் மனுஷியாக இருப்பதில்லை. நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனம் ஒரு வருஷத்துக்கு என்னைக் கூப்பிட்டது. விருப்பமிருந்தால் மேற்கொண்டும் இருக்கலாம் என்றார்கள். ஓட்ட மண் கிடைத்தால் இருப்பேன், கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டுவேன் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டுதான் விமானம் ஏறினேன். துடியலூரில் வாடகை வீடு பிடித்த கையோடு பழைய பைக் ஒன்றை வாங்கி, டயரை மாற்றி, தேட ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது ஒரு வற்றிய குளம். தூரத்திலிருந்து பார்க்க ஆசையாக இருந்தது, விரிந்த செம்மண் தரை. உள்ளே இறங்கினால் கோழிக்கடைக் கழிவு. சாக்குச் சாக்காகக் குடலும் தோலும் இறகும். பக்கத்தில் குழந்தைகளின் நாப்கின், இறைச்சி எலும்பு, உடைந்த பீர் பாட்டில். பின்சக்கரம் எதையோ சிதைத்து என் முதுகில் அப்பியது. என்னவென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைத் துவைக்காமல் தூக்கிப் போட்டேன். வீட்டு வாசலைத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு அத்தனை சுத்தமாக வைத்திருக்கும் ஊர், குளத்தில் கொண்டுபோய்க் குடலைக் கொட்டுகிறது. சீ என்று வந்தது.

மலையடிவாரத்துக்குப் போனேன். வனத்துறைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். யானை நடக்கிற வழி, அவர்கள் சொன்னது நியாயம். அந்த ஒரு முறைதான் இந்த ஊரில் என்னை ஒருவர் திருப்பி அனுப்பியதில் எனக்குக் கோபமே வரவில்லை.

மிச்சமிருந்தது தனியார் நிலம். அதற்கு ஆள் தெரிய வேண்டும். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பேக்கரியில் ஞாயிறு காலையில் சேறு பட்ட பைக்குகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தபோது, கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது போல் இருந்தது. நேரே போய் அறிமுகம் செய்துகொண்டேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். "வாங்கம்மணி, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அந்தக் குழுவுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் சொந்தமாக நூல் மில் வைத்திருப்பவர். எல்லோரும் அவரை மில்காரர் என்றே சொன்னார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அவருக்கு ஊரைத் தாண்டி மானாவாரி நிலம் இருந்தது. இங்கே அதைக் காடு என்பார்கள். மேடும் பள்ளமும் ஓடையுமாக, உழாமல் கிடக்கும் காடு.

"நம்ம காடுதானுங்க, வந்து ஓட்டுங்க" என்றார் மில்காரர். டீ வந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வியும் வந்தது. "உங்க முன்னோருக்கு எந்தப் பக்கமுங்க?"

சோமனூர்ப் பக்கம் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றேன். எல்லோர் முகத்திலும் சந்தோஷம். "அட, நம்ம பக்கமுங்க! குலதெய்வம் எதுங்கம்மணி?"

தோட்டத்தில் முனியாண்டி கும்பிடுவோம் என்றேன். சிரித்தார்கள். "அது அங்கீங்க. இங்க எதுன்னு அப்பாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றார் மில்காரர். பாசமாகத்தான் கேட்கிறார், பூர்வீகத்தைத் தேடித் தரப்போகிறார் என்று நினைத்தேன். எனக்கு வயதாகியிருந்ததே தவிர புத்தி வந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள் நன்றாக இருந்தன. இதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காட்டில் ஓடைக்கரையிலிருந்து பைக்கோடு எகிறி மறுகரையில் இறங்குகிற ஒரு இடம் உண்டு. முதல் முறை தாண்டியபோது ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். அவர்களும் கை தட்டினார்கள், வீடியோ எடுத்தார்கள், "ஃபாரின் அம்மணி" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஓட்டி முடித்ததும் தோட்டத்து வீட்டில் எவர்சில்வர் டம்ளரில் சூடாக டீ வரும். தென்னை மரத்தடியில் கால் நீட்டிக் குடிப்போம். இருந்துவிடலாம் என்று அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒருநாள் முடிவு செய்தேன்.

அந்த வாரம் அப்பாவிடம் போனில் பேசும்போது குலதெய்வம் எது என்று கேட்டேன். அப்பா கொஞ்சம் தயங்கினார். "எதுக்கும்மா இப்ப?" என்றார். பிறகு, கருப்பராயன் என்றார். சோமனூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், அதற்கு மேற்கே காலனி, காலனியைத் தாண்டி வேப்பமரத்தடியில் கல். சின்ன வயதில் தாத்தாவோடு கப்பலில் வந்தபோது ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாராம். எங்கள் தோட்டத்திலும் சாதி இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். கல்யாணப் பேச்சு எடுத்தால் தலையைக் காட்டும். மற்ற நாளில் அதற்கு வேலை இல்லை. அப்பா எங்களிடம் அதைப் பேசியதும் இல்லை. காலனி என்றால் ஏதோ வீட்டு வரிசை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி, மில்காரரிடம் அப்படியே ஒப்பித்தேன். ஊர்ப்பெயர், மேற்கு, காலனி, வேப்பமரம்.

ஒருவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார், அது ஏற்கனவே கட்டித்தான் இருந்தது. "ஓ, அப்படீங்களா. நல்லதுங்க, நல்லதுங்க" என்றார் மில்காரர். அன்றும் ஓட்டினோம். ஓட்டி முடித்ததும் டீ வந்தது. அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். எனக்குப் பேப்பர் கப்.

நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மில்காரர் பதறிக்கொண்டு, "ஃபாரின்ல இருந்து வந்தவங்களுக்கு இதுதானுங்க சுத்தம். டம்ளரெல்லாம் வேலைக்காரங்க எப்படிக் கழுவறாங்களோ என்னமோங்க" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். போன வாரம் வரை அதே டம்ளரில் குடித்த ஃபாரின்காரிதானே நான்? அப்போது இல்லாத சுத்தம் இப்போது எங்கிருந்து வந்தது?

கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த மரியாதை கேட்க விடாது. யாராவது ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லிவிட்டு வந்திருப்பேன், எனக்கு வாய் குறைச்சலில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' போட்டு, எழுந்து நின்று, இரண்டு கையாலும் அந்தக் கப்பை நீட்டினார்கள். குளத்துக் கழிவு முதுகில் அப்பிய அன்றுகூட எனக்கு இப்படிக் குமட்டவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில், என்னை வால்பாறைக்குப் போகச் சொன்னவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, காலனின்னு அங்க போய்ச் சொன்னீங்களாங்க? வேற ஏதாச்சும் கோயில் பேரைச் சொல்லிப்போட்டு வரவேண்டியதுதானுங்களே" என்றார். ஊர் என்றால் நிலக்காரர்கள் இருக்கிற இடம், காலனி என்றால் அவர்களுடைய காட்டில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு உழைத்தவர்கள் இருக்கிற இடம் என்று எனக்குப் பாடம் எடுத்தார். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அந்த அக்கறையும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. காட்டை உழுகிறார்களாம், கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்டுவதில்லையாம், சிரமத்துக்கு மன்னிக்கணுமாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அவர்களில் ஒருவர் வீடியோ போட்டார். அதே ஓடை, அதே மேடு, புழுதி பறக்க ஐந்தாறு பைக். உழுத தடம் ஒன்றையும் காணோம். தூ என்று போனை மெத்தையில் எறிந்தேன்.

நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய மாதக் கடைசி வந்தது. திரும்பிப் போகிறேன் என்று கடிதம் தட்டி வைத்தாயிற்று, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. போவதற்கு முன்னால் அந்தக் கருப்பராயனை ஒரு போட்டோ எடுத்து அப்பாவுக்குக் காட்டிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்தேன். முந்தின நாள் நல்ல மழை. சோமனூரைத் தாண்டியதும் தறிச் சத்தம் ரோட்டின் இரண்டு பக்கமும் கூடவே வந்தது. அப்பா சொன்ன ஊர் அழகாகத்தான் இருந்தது. மாடி வீடுகள், கார்கள், வழவழவென்று தார் ரோடு. கடைசி மாடி வீட்டின் காம்பவுண்டுச் சுவர் எங்கே முடிந்ததோ அங்கேயே தாரும் முடிந்தது. கத்தியால் வெட்டினது போல.

அதற்கு அந்தப் பக்கம் சேறு. முழங்கால் அளவு பள்ளம், டிராக்டர் தடம், வழுக்கும் களிமண், நடுவில் குளம் மாதிரி தேங்கிய தண்ணீர். கோயம்புத்தூர் முழுக்க நான் தேடி அலைந்த மண் இதுதான். என் கால்கள் தாமாகவே ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றன. கியரைக் குறைத்து, முறுக்கி, உள்ளே விட்டேன். பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனது, நான் பிடித்து நிறுத்தினேன், சேறு இரண்டு பக்கமும் பறந்தது. பாதி தூரம் சிரித்துக்கொண்டே போனேன்.

தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மொபெட்டோடு விழுந்து கிடந்தாள். கால் வைக்கிற இடத்தில் கட்டியிருந்த கேஸ் சிலிண்டர் சேற்றில் பாதி புதைந்திருந்தது. பைக்கை நிறுத்திவிட்டு ஓடினேன். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். இரண்டு பேருமாக மொபெட்டைத் தூக்கி நிறுத்தினோம். கேஸ்காரர்கள் தார் முடிகிற இடத்திலேயே சிலிண்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவார்களாம், மிச்ச தூரம் இவர்கள் பாடு. அவள் என் பூட்ஸையும் கையுறையையும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்க ரோடு அளக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். "மனுக் குடுத்துக் குடுத்துச் சலிச்சுப்போச்சுங்க. போன தடவ வந்தவரு செருப்புல சேறு ஆகுதுன்னு அங்கிருந்தே பாத்துட்டுப் போயிட்டாருங்க."

இந்தச் சேறு கிடைக்காமல்தான் ஊரை விட்டே போகிறேன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? இவர்கள் தினமும் சிலிண்டரோடு விழுகிற ரோட்டை, நான் காசு கொடுத்தாவது ஓட்டக் கிடைக்காதா என்று தேடியிருக்கிறேன். அதுவரை எனக்கு மில்காரரைப் பார்த்துத்தான் குமட்டியது. அன்றைக்குச் சற்று நேரம் என்னைப் பார்த்தும் குமட்டியது. கோயில் பார்க்க வந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

சிலிண்டரை என் பைக்கில் கட்டி, மெதுவாக, முதல் கியரிலேயே, அவள் வீடு வரை கொண்டு போனேன். வாழ்நாளில் நான் மண்ணில் அத்தனை ஜாக்கிரதையாக ஓட்டியதில்லை. வீட்டு வாசலில் இறக்கி வைத்ததும் அவள் தயங்கிக்கொண்டே, "எங்கூட்டுல டீ குடிப்பீங்களாங்க?" என்றாள். தலையாட்டினேன். அவள் உள்ளே போகாமல் முதலில் பக்கத்துப் பெட்டிக்கடைக்கு ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பேப்பர் கப் இருந்தது.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"வர்றவீங்கெல்லாம் இதுலதானுங்க குடிப்பாங்க. எங்க டம்ளர்ல குடிக்க மாட்டாங்க" என்றாள், அதில் வருத்தப்பட எதுவும் இல்லாதவள் போல.

டம்ளரிலேயே கொடுங்கள் என்றேன். அவள் நம்பவில்லை. இரண்டாவது முறை சொன்னேன். உள்ளே போய் டம்ளரைக் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒரு முறைக்கு இரண்டு முறை கழுவினாள். டீயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, நான் ஒரு வாய் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள், "நீங்க எந்தப் பக்கமுங்க?"

"இந்தப் பக்கந்தானுங்க" என்றேன்.